கைமாத்து

இங்கிட்டு வந்து உக்காருங்க தம்பி. அந்தப் பக்கமா உக்காந்து பேசுனா எனக்குக் கேக்காது. இடது காது மந்தம். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். எங்க வீட்டுல முக்காவாசிப் பேருக்கு இடது காது மந்தம், வம்சவாகு. எங்க ஆத்தாளுக்கும் கேக்காது, அதனால ஆத்தா வழியில வந்த வாகுன்னு நாங்க பேசிக்குவோம். எங்கப்பாவுக்கு மட்டும் கடைசி வரைக்கும் ரெண்டு காதும் பாம்புக் காது.

உங்களுக்கு என்ன, காலா? வண்டியில இருந்து விழுந்துட்டீங்களா? விடுங்க, கவலைப்படாதீங்க. இந்த வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவ ஊத்தி, மூங்கில் பத்தை வச்சு ஒரு கட்டுக் கட்டுனாருன்னா உடைஞ்ச இடம் தெரியாம ஒட்டிக்கிரும். கூட்டம்தான் ரொம்ப. பேரைக் கூப்பிடுற வரைக்கும் காத்துக் கிடக்கணும்.

எனக்கா? மணிக்கட்டு. வலது மணிக்கட்டு. வந்ததும் வைத்தியர் தொட்டுப் பாத்துட்டு, ரெண்டு எலும்பும் போச்சுங்கிறாரு. யார் அடிச்சான்னு கேளுங்க. கேளுங்க தம்பி, சும்மா கேளுங்க. என் கூடப் பிறந்த தங்கச்சி. எனக்கு நேர் கீழ பிறந்தவ. நேத்து, கோயில்ல, நூறு சனம் பாக்க.

நீங்களே நியாயம் சொல்லுங்க. வெளியாளு நீங்க, உங்களுக்கு எந்தப் பக்கமும் சாய்வு இருக்காது. என் சம்சாரத்துகிட்டச் சொல்லி ஆகப்போறது ஒன்னுமில்ல. அந்தா வேப்பமரத்தடியில தனியாப் போய் உக்காந்திருக்கு பாருங்க, மஞ்சச் சேலை. நேத்துல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு.

நாங்க மொத்தம் ஒம்போது பேரு. ஆணு ஆறு, பொண்ணு மூணு. நான் எட்டாவது. பேரு வீரணன், ஆனா எங்கப்பா பேரு சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏய் எட்டு!"ன்னுதான் கூப்பிடுவாரு. ஒம்போது பேரை யார் ஞாபகம் வச்சிக்கிறது? எனக்கு மேல ஏழாவது பேச்சியக்கா, எனக்குக் கீழ ஒம்போதாவது பஞ்சவர்ணம். பஞ்சுன்னு கூப்பிடுவோம். அவதான் கடைக்குட்டி. உங்க வீட்டுல எத்தனை பேரு தம்பி? ஒத்தப் பிள்ளையா? அடப்பாவமே. அப்ப உங்களுக்கு மேலயும் ஆளு இல்ல, கீழயும் ஆளு இல்ல. எப்படித்தான் வளந்தீங்களோ.

எங்களுக்குக் கண்மாய்க்கரையில செங்கல் சூளை. கூலிக்கு ஆள் வைக்க மாட்டாரு எங்கப்பா. "ஒம்போது பேரப் பெத்துப்புட்டு எவனுக்குடா கூலி குடுக்கணும்?"பாரு. சூளையப் பிரிக்கிற அன்னைக்கு, சூளையில இருந்து லாரி வரைக்கும் எங்கள வரிசையா நிப்பாட்டுவாரு. வயசு வரிசை. அவரு கல்லை எடுத்துப் பெரியண்ணன் கையில குடுப்பாரு, பெரியண்ணன் அடுத்தவன் கையில, அவன் அடுத்தவன் கையில, இப்படியே வந்து கடைசி ஆளு லாரி ஓரத்துல அடுக்கணும். இதுக்குப் பேரு கைமாத்து. ஊருல எல்லாம் கைமாத்துன்னா அவசரத்துக்கு வாங்குற கடனைச் சொல்லுவாய்ங்க. எங்க வீட்டுல கைமாத்துன்னா இதுதான். சூளை பிரிச்ச கல்லு சூடு அடங்காம வரும் பாருங்க, கையில வச்சிக்கிட்டு நிக்க முடியாது. வந்தது வந்த கையோட போயிரணும்.

கல்லு போற மாதிரியேதான் அடியும் போகும்.

அதாவது, ஒரு கல்லு விழுந்து உடைஞ்சதுன்னு வைங்க. யார் போட்டா, எவன் கையில நழுவுச்சுன்னு எங்கப்பா விசாரிக்கவே மாட்டாரு. ஒம்போது பேருல எவன விசாரிக்கிறது? நேராப் பெரியண்ணன் கன்னத்துல ஒன்னு விடுவாரு. பளார்னு கண்மாய்க்கு அந்தப்பக்கம் கேக்கும். விட்டுட்டு, "ம்... கைமாத்து"ம்பாரு. பெரியண்ணன் திரும்பி ரெண்டாவது அண்ணன அடிப்பாரு. அவரு மூணாவது ஆள. அப்படியே கீழ வரும். வாங்குனதக் குறைக்காமக் குடுக்கணும். எவனாவது பாவம் பாத்து மெதுவாத் தட்டுனான்னு வைங்க, செத்தான். சத்தத்த வச்சே எங்கப்பா கண்டுபிடிச்சிருவாரு, அதான் சொன்னேனே பாம்புக் காதுன்னு. திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிப்பாரு, இந்தத் தடவ கையில கல்லு அறுக்குற அச்சுப் பலகை இருக்கும். அதுக்குப் பயந்துக்கிட்டு எல்லாரும் நல்லா ஓங்கியே அடிப்போம். ஐஞ்சாவது அண்ணனுக்கு ரெண்டு பல்லு போனது அப்படித்தான். ஆறாவது அண்ணன் மூக்கு கோணலா இருக்கிறது அப்படித்தான். பிள்ளைகள்னா கொஞ்சம் அடிபடத்தான் செய்யும்.

இதுல பாவப்பட்ட ஜென்மம் யாருங்கிறீங்க? கடைசியா நிக்கிற ஆளு. அது ரொம்ப வருசம் நான்தான் தம்பி. பஞ்சு அப்ப கைக்குழந்தை, வரிசையில நிக்கிற வயசு இல்ல. ஏழு பேரு தாண்டி வர்ற அடி என்கிட்ட வந்து நின்னுரும். அதுக்கு மேல போறதுக்கு இடமில்ல. பேச்சியக்கா கையில கண்ணாடி வளையல் வேற போட்டிருக்கும், அது உடைஞ்சு கன்னத்துல குத்தும். வாங்கிக்கிட்டு நான் சும்மா நிக்கணும். உள்ள திகுதிகுன்னு எரியும். ஒரு தடவ லாரி டயர எட்டி எட்டி மிதிச்சு என் கால் பெருவிரல் நகம் பேந்துருச்சு. ஒரு தடவ ஆத்தா வளத்த கோழிக்குஞ்சு ஒன்னு காலுக்குள்ள வந்துச்சு. சரி, அது எதுக்கு இப்ப.

பஞ்சு வரிசைக்கு வந்த நாள் இன்னும் என் கண்ணுலயே நிக்குது. பாவாடையத் தூக்கிச் செருகிக்கிட்டு, ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு எனக்குப் பக்கத்துல வந்து நின்னா. "அண்ணே, நான் எங்கண்ணே நிக்கணும்?"னு கேட்டா. எனக்கு அப்படியே வாயெல்லாம் பல்லு. எம்மேல உசிரா இருப்பா தம்பி. நானும் அவளக் கண்ணுக்குள்ள வச்சுத்தான் பாத்தேன். திருவிழாவுக்குப் போனா என் காசுல அவளுக்குச் சவ்வு மிட்டாய் வாங்கிக் குடுக்காம வந்ததில்ல. இந்த உலகத்துல எனக்குன்னு இருந்தது அவ ஒருத்திதான்.

இப்ப நடந்த தகராறுக்கு மூலம் எதுன்னு யோசிச்சுப் பாத்தா ஒன்னே ஒன்னுதான் ஞாபகத்துக்கு வருது. அதுகூட இதுக்குக் காரணமா இருக்க முடியாது, இருந்தாலும் சொல்றேன். மழை வர்ற மாதிரி மூட்டமா இருந்த ஒரு நாளு, அவசர அவசரமா சூளையப் பிரிக்கிறோம். எங்கயோ நடுவுல ஒரு கல்லு விழுந்துருச்சு. அப்பா பெரியண்ணனுக்கு ஒன்னு விட்டாரு. விட்டுட்டு, லாரி டிரைவர் கூப்பிட்டாருன்னு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. அடி வழக்கம்போலக் கீழ வருது. ஆறாவது அண்ணன் பேச்சியக்காவ அறைஞ்சாரு. பேச்சியக்கா என் பக்கம் திரும்புச்சு, கைய ஓங்குச்சு. ஓங்குன கை அப்படியே நின்னுருச்சு. என்னையே பாத்துச்சு. அப்புறம் கையக் கீழ போட்டுட்டு, "போதும்டா வீரணா, இது என்னோட போகட்டும்" அப்படின்னு சொல்லுச்சு.

எனக்கு ஒன்னும் ஓடல. இது என்ன புதுப் பழக்கம்? அப்ப நான் இந்த வரிசையில ஒரு ஆளே இல்லையா? என்னைய விட்டுட்டா என்ன அர்த்தம்? இந்தப் பக்கம் திரும்பிப் பாக்குறேன், பஞ்சு கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, கன்னத்தக் காட்டிக்கிட்டு நிக்கிறா. பிள்ளை தயாரா நிக்கிது தம்பி. காத்துக்கிட்டு இருக்கிற பிள்ளைய எப்படி ஏமாத்துறது?

விட்டேன் ஒன்னு.

மத்த நாள் எல்லாம் வாங்குனதத்தான் குடுத்திருக்கேன். அன்னைக்கு வாங்காமலே குடுத்ததுனால அளவு தெரியாமப் போச்சு. சுருண்டு போய் அடுக்கி வச்ச கல்லுல விழுந்தா. காதுல இருந்து லேசா ரத்தம். எங்கப்பா சத்தம் கேட்டுத் திரும்பிட்டாரு. "ஏழு குடுத்த அடி எனக்குக் கேக்கலையே?"ன்னு கேட்டாரு பாருங்க! லாரிக்காரன்கூடப் பேசிக்கிட்டே எண்ணிருக்காரு மனுசன். அச்சுப் பலகைய எடுத்துட்டு வந்து பேச்சியக்கா முதுகுல இறக்குனாரு, இறக்குனாரு, பலகை ரெண்டா உடையுற வரைக்கும் இறக்குனாரு. அது கையக் கூடத் தூக்கித் தடுக்கல, என்னைக்குமே அது அழுத்தக்காரிதான். அப்புறம் எங்கப்பா என்கிட்ட வந்தாரு. என் தலையில கைய வச்சு, "எட்டு ஒருத்தன்தான்டா வரிசையக் காப்பாத்துனான்" அப்படின்னாரு.

எங்கப்பா கை என் மேல அடியா இல்லாம விழுந்தது அந்த ஒரு தடவதான் தம்பி. இப்பச் சொல்றப்பக்கூடப் பாருங்க, கண்ணு கலங்குது.

அதுல இருந்து பஞ்சுவுக்கும் இடது காது மந்தமாப் போச்சு. சொன்னேன்ல, வம்சவாகு. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வயசுல வரும்.

சரி, நேத்துக் கதைக்கு வர்றேன். பஞ்சு வளந்தா, மில்லு வேலைக்குப் போனா, அங்கேயே ஒரு நல்ல பையனாப் பாத்துக் கட்டிக்கிட்டா. ரொம்ப வருசம் கழிச்சு ஒரு பொம்பளப் பிள்ளை. அதுக்குத்தான் நேத்துக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான காது குத்தணும்? ஆறு மாமன் இருக்கோம், யார் மடி? எங்க வீட்டுல அதுக்கும் வரிசை உண்டு. பெத்தவளுக்கு நேர் மேல பிறந்த அண்ணன் மடி. நாலாவது அக்கா பிள்ளைக்கு மூணாவது அண்ணன் மடியிலதான் குத்துனோம். அப்ப பஞ்சு பிள்ளைக்கு? என் மடி தம்பி. இதுல யாரும் ஒரு பேச்சுப் பேச முடியாது. பேச்சியக்காவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, கட்டுனவன் கூன் முதுகுன்னு சொல்லி அனுப்பிவச்சுட்டான். பிள்ளை இருந்திருந்தாலும் அது ஆறாவது அண்ணன் மடிக்குத்தான் போயிருக்கும். என் பிறப்புல எனக்குன்னு கிடைக்கக்கூடிய மடி இது ஒன்னுதான். எல்லாத்துலயும் கடைசி ஆளு, மிச்சம் மீதி வாங்குன ஆளு, ஒரு நாளு முன்னால உக்காரப் போறேன். சம்சாரம் காதுல கிடந்ததக் கழட்டி அழிச்சுத்தான் பிள்ளைக்குத் தோடு செஞ்சேன்.

வெத்தலை பாக்கோட வந்து கூப்பிட்டா பஞ்சு. வீடு வீடா வந்து கூப்பிட்டா. என்கிட்ட, "எல்லாரும் வந்துருங்கண்ணே, வரிசையா வந்துருங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனா. எனக்குச் சந்தோசம்.

கோயில்ல பிள்ளைக்கு மொட்டை எடுத்து, சந்தனம் பூசி, பட்டுப் பாவாடை கட்டிக் கொண்டாந்தாய்ங்க. கொட்டுக்காரன் அடிக்கிறான். ஜமக்காளத்துல நாங்க எல்லாரும் வரிசையா உக்காந்திருக்கோம். எனக்கு மட்டும் மணைப்பலகை, மடி குடுக்கிற ஆளுல்ல? சம்மணம் போட்டு, துண்ட மடியில விரிச்சு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு இருக்கேன். பஞ்சு பிள்ளையத் தூக்கிக்கிட்டு வர்றா. பெரியண்ணனத் தாண்டுறா, ரெண்டாவது ஆளத் தாண்டுறா, மூணாவது... என் முன்னால வந்தா. பிள்ளையோட சந்தன வாசம் என் மூக்குல ஏறுது. என்னையும் தாண்டிப் போயிட்டா தம்பி!

தாண்டிப் போய், தூணுக்குப் பக்கத்துல ஒதுங்கி உக்காந்திருந்த பேச்சியக்கா மடியில கொண்டுபோய் வச்சா.

கொட்டு நின்னு போச்சு. ஆசாரி ஊசியக் கையில வச்சிக்கிட்டு முழிக்கிறாரு. "தாயி, தாய்மாமன் மடி இல்லையா?"ன்னு கேக்குறாரு.

"இதுதான் மடி. குத்துங்க ஆசாரி"ன்னா.

பெரியண்ணன் எந்திரிச்சுட்டாரு. அறுபத்தஞ்சு வயசு ஆளு, மீசை பூராவும் வெள்ளை. "ஏய்! பொம்பள மடியில, அதுவும் வாழாவெட்டி மடியில வச்சு எந்த ஊருலடி காது குத்துறாய்ங்க? ஆறு பேரு மாமன்னு வந்து உக்காந்திருக்கோம், என்ன பொணமா கிடக்கோம்?"

அதுக்கு அவ சொன்னா பாருங்க ஒரு பேச்சு. குரலக்கூட உசத்தல. "அண்ணே, எட்டுப் பேரு கைமாத்தி எனக்குக் குடுத்தீங்க. நான் யாருக்கும் குடுக்கல. எல்லாம் என்கிட்டதான் கிடக்கு. ஒருத்திதான் அன்னைக்குக் குடுக்காம வச்சுக்கிட்டா, அவ மடியில என் மக உக்காந்திருக்கா. மத்தவங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, வச்சிருக்கிறதத் திருப்பித் தர்றேன்."

என்ன திமிரு! எனக்கு அது என்னன்னே புரியல, இப்பவரைக்கும் புரியல. ரெண்டாவது அண்ணன் மெதுவா, "நான் அப்பவே சொன்னேன், இவ வீட்டு விசேசத்துக்குப் போகவேணாம்னு" அப்படின்னு ஒரு வார்த்தை முனங்குனாரு. பெரியண்ணனுக்கு இருந்த ஆத்திரத்துல அவரு கன்னத்துல பளார்னு ஒன்னு விட்டாரு. அவ்வளவுதான். ரெண்டாவது அண்ணன் சடார்னு திரும்பி மூணாவது அண்ணன அறைஞ்சாரு. அவரு நாலாவது அக்காவ. நாலாவது அக்கா பேரன் பேத்தி எடுத்தவ தம்பி, அவ ஐஞ்சாவது அண்ணன. யாரும் யோசிக்கல. உடம்பு தானாத் திரும்புது, கை தானாப் போகுது. கூட்டத்துல நாலஞ்சு பேரு சிரிச்சாய்ங்க. அப்புறம் சிரிப்பும் நின்னு போச்சு.

ஆறாவது அண்ணன் எந்திரிச்சுத் தூணுப் பக்கம் பேச்சியக்காகிட்டப் போனாரு. மடியில பிள்ளை இருக்கு. ஆசாரி ஒரு காதுல ஊசி வச்சுட்டாரு, பிள்ளை வீரிட்டு அழுது. பேச்சியக்கா அப்படியே குனிஞ்சு பிள்ளைய மூடிக்கிருச்சு. அண்ணன் ஒரு நொடி நின்னாரு, திரும்பி வந்தாரு, எனக்கு விட்டாரு. பொறி கலங்கிப் போச்சு.

இப்ப என் முறை. எனக்குக் கீழ யாரு இருக்கா? அவதான். எந்திரிச்சேன், கைய ஓங்குனேன். சத்தியமாச் சொல்றேன் தம்பி, அவமேல எனக்குக் கோவமே கிடையாது. முறைக்குத்தான் ஓங்குனேன். ஆனா சின்னப் பிள்ளையில கண்ண மூடிக்கிட்டு நிப்பா பாருங்க, நேத்து மூடல. திறந்த கண்ணு திறந்தபடி என்னையே பாக்குறா. பாத்துக்கிட்டே குனிஞ்சா, நான் உக்காந்திருந்த மணைப்பலகைய எடுத்தா, ஓங்குன கையிலயே ஓங்கிப் போட்டா. சடக்குன்னு எனக்கே கேட்டுச்சு, கேக்காத காதுலகூடக் கேட்டுச்சு. கை தொங்கிப் போச்சு. விட்டாளா? தொங்குன கையில இன்னொன்னு போட்டா. நான் மண்டி போட்டு விழுந்துட்டேன். ஐஞ்சு அண்ணன் இருந்து என்ன, ஒருத்தனும் கிட்ட வரல.

குனிஞ்சு என் முகத்துக்கிட்ட வந்து சொன்னா. எனக்கு எந்தக் காது கேக்கும்னு அவளுக்குத் தெரியும், அந்தப் பக்கமா வந்து சொன்னா. "இத நீயே வச்சுக்கண்ணே. யாருக்கும் கைமாத்தாத."

அப்புறம் போய்ப் பிள்ளைக்கு இன்னொரு காதையும் குத்தச் சொன்னா. கொட்டுக்காரன் திரும்ப அடிக்க ஆரம்பிச்சுட்டான். நான் செஞ்சு கொண்டுபோன தோடு என் சட்டைப் பையிலயே கிடக்கு, இந்தா.

நீங்களே சொல்லுங்க, என்மேல என்ன தப்பு? ஏழு பேருகிட்ட வாங்குனவன் நான். ஒருத்திக்குத்தான குடுத்தேன்? கணக்குப் பாத்தா நான்தான நட்டப்பட்டவன்? என்ன தம்பி, தள்ளித் தள்ளி உக்காருறீங்க? கால் வலிக்குதா?

என் சம்சாரமும் இப்படித்தான். கோயில விட்டு வெளிய வந்து, கை தொங்கத் தொங்க ஆட்டோவுக்கு நிக்கிறேன். எனக்கு உசிரு போகுது. அந்த நேரத்துல அது, "உங்க தங்கச்சி செஞ்சதுல என்னங்க தப்பு?"ன்னு கேக்குது. கேக்கலாமா? வலது கை வேற இல்ல. இடது கையால ஒன்னு வச்சேன். பழக்கமில்லாத கை, எந்தப் பக்கம் பட்டுச்சுன்னே தெரியல. அதுல இருந்து ஒரு வார்த்தை பேசல.

வைத்தியர் என்ன சொல்றாருன்னா, கட்டுப் பிரிச்சாலும் இந்தக் கையால இனிமே எதையும் ஓங்கி அடிக்க முடியாதாம். பாப்போம்.

இந்தா, என் பேரைத்தான் கூப்பிடுறாய்ங்க. ஒரு உதவி செய்யுங்க தம்பி. அந்த மஞ்சச் சேலைக்கிட்டப் போய், உங்க வீட்டுக்காரர உள்ள கூப்பிட்டுட்டாங்க, பைய எடுத்துக்கிட்டு வாங்கன்னு சொல்லிருங்க. இங்க இருந்து கூப்பிடாதீங்க, திரும்பாது. முன்னால போய் நின்னு கைய ஆட்டிச் சொல்லுங்க. இடது காது கல்யாணமான புதுசுலயே மந்தமாயிருச்சு. நேத்துச் சாயங்காலத்துல இருந்து வலது பக்கமும் கேக்கலைன்னு கையக் கைய ஆட்டுது.

இதுல ஆச்சரியத்தப் பாருங்க தம்பி, அது எங்க வம்சமே கிடையாது. வேற ஊரு, வேற குடும்பம். அதுக்கும் எப்படியோ ஒட்டிக்கிருச்சு.